விளாவாமல் குளிக்க ஒரு வெந்நீர்ப் பெட்டி

2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அமெரிக்காவில் அப்படி வாய்ப்பது அபூர்வம் என்பதால் வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டு, டல்லாஸிலிருந்து, அடுப்பும் பாத்ரூமும் படுக்கையும் உள்ள எங்கள் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு அமரில்லோவுக்குத் தெற்கே இருக்கிற பாலோ டூரோ கேன்யனுக்குப் போய்விட்டோம். நான், மனைவி, இரண்டு மகள்கள். பள்ளத்தாக்கின் அடியில் செம்மண் சுவர்களுக்கு நடுவே முகாம். ஞாயிறு விடியற்காலை, வெளியே மூச்சு விட்டால் புகை வருகிற குளிர், தலைக்கு எண்ணெய் வைத்துக் கங்கா ஸ்நானம். முதலில் பெரியவள், அப்புறம் சின்னவள், கடைசியில் அவர்கள் அம்மா. சின்னவள் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்ததன் பலனை அவள் அம்மா அனுபவித்தாள். தலை முழுக்கச் சீயக்காயைக் குழைத்துத் தேய்த்துக்கொண்டு ஷவரைத் திறந்தால் வந்தது பச்சைத் தண்ணீர். "ஏங்க!" என்று ஒரு குரல். இட்லிப் பானையில் தண்ணீர் காயவைத்து, வாளியில் விளாவி, பாத்ரூம் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளினேன். பட்சணம் சாப்பிட எல்லோரும் உட்காரும்போது மணி பத்து. அந்தக் காலையில் தொடங்கி, தொட்டியே இல்லாத ஒரு ஹீட்டரை மாட்டி ஒன்றரை வருடம் குளித்துப் பார்த்த கதைதான் இது.

டிரெய்லரோடு வந்த ஹீட்டர் 6 கேலன் தொட்டி. 23 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஊரில் பாத்ரூமில் மாட்டுகிற 25 லிட்டர் கீசரைவிடச் சின்னது. அதில் தண்ணீர் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறும், பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒன்பது, பத்து கேலன் தேறும், அதாவது ஒருத்தர் ஆறு நிமிடம் குளிக்கலாம். தீர்ந்துவிட்டால் மறுபடி சுட 20, 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஏன் இவ்வளவு நேரம் என்றால், அந்த பர்னரின் சக்தி மணிக்கு 12,000 பிடியு மட்டும்தான். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்றுகிற வெப்பம்தான் ஒரு பிடியு. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் ஹீட்டர் விளம்பரங்களில் பாதியை நீங்களே எடை போட்டுவிடலாம்.

அந்த தீபாவளிக்கே மாற்றியிருப்பேனா என்று கேட்டால், இல்லை. நான் சோம்பேறி. 2024 மார்ச்சில் குளிர்காலம் முடிந்து டிரெய்லரைத் திறந்தபோது ஹீட்டர் இருக்கிற மூலையில் தரை அமுங்கியது. இரும்புத் தொட்டியின் வெல்டிங்கிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்து கீழே பிளைவுட் ஊறிப்போயிருந்தது. இதில் கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இந்த மாதிரி எனாமல் பூசிய இரும்புத் தொட்டிகளில் மெக்னீசியத்தில் ஒரு ஆனோடு ராடு இருக்கும். தண்ணீர் இரும்பை அரிப்பதற்குப் பதில் அதை அரித்துத் தின்னட்டும் என்று பலிகொடுக்க வைத்தது. வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும், முக்கால்வாசி தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும், விலை பதினைந்து இருபது டாலர். 2020இல் பழைய வண்டியாக வாங்கினதிலிருந்து நான் ஒருமுறைகூடக் கழற்றவில்லை. அன்றைக்கு 1 1/16 அங்குல சாக்கெட்டைப் போட்டுக் கழற்றினால் கட்டைவிரல் தடிமனுக்கு இருக்க வேண்டிய ராடுக்குப் பதிலாக ஒரு கம்பி மட்டும் வந்தது, முனையில் சுண்ணாம்புக் கட்டி ஒட்டிக்கொண்டு. அலுமினியத் தொட்டி வைத்த ஹீட்டர்களில் இந்த ராடு கிடையாது. உங்களுடையது எந்த வகை என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

சரி, தொட்டி போய்விட்டது. இன்னொரு தொட்டியா, தொட்டியே இல்லாத புரோப்பேன் ஹீட்டரா? தண்ணீர் ஓடும்போது மட்டும் பற்றி, ஓடுகிற தண்ணீரைச் சுட்டு அனுப்புகிற பெட்டி. குழாயை மூடினால் அணைந்துவிடும். மனைவியிடம் கேட்டேன். சீயக்காய்க் காலை அவளுக்கு மறக்கவில்லை. டேங்க் இல்லாததையே வாங்கினோம், 55,000 பிடியு, பெட்டி மட்டும் 600 டாலருக்குப் பக்கம். பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போகிற குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக்கே உரியவை, ஒரு கம்பெனியின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பொருத்திய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீடியோக்களில் இதை 12 நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. சிலிண்டரை மூடி, குழாயில் மிச்சமிருந்த கேஸை அடுப்பைப் பற்றவைத்துத் தீர்த்து, தண்ணீரை வடித்து, பிரேக்கரை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். வெளிப்பக்கச் சட்டத்தைச் சுற்றி இருபது திருகாணி. அதற்குப் பின்னால் ஐந்து வருட வெயிலில் வெந்து தாராகிப்போன பியூட்டைல் டேப், தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கிற பசை நாடா. பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது, அரை நாள் அதற்கே போனது. உலோகக் கரண்டி வைத்தால் சீக்கிரம் வரும், டிரெய்லரின் ஃபைபர் கிளாஸும் சேர்ந்து வரும். பழைய தொட்டியை வெளியே இழுத்தபோது உள்ளே தங்கியிருந்த தண்ணீர் என் மடியில் கொட்டியது, பழுப்பாக, முட்டை அழுகின நாற்றத்தோடு. நாலு வருடம் இதில்தான் குளித்தோமா என்று மகள் கேட்டாள், பதில் சொல்லவில்லை.

ஊறின பிளைவுட்டை ஒரு சதுர அடிக்கு வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டேன். புதிய பெட்டியை ஓட்டையில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, "6 கேலன் இடத்தில் அப்படியே பொருந்தும்" என்ற வார்த்தைக்கு வெளிக்கதவு ஓட்டையை மூடும் என்று மட்டும்தான் பொருள். பழையது அகலமும் ஆழமும் அதிகம், புதியது ஆழத்தில் நாலைந்து அங்குலம் குறைவு. பக்கத்தில் மரச்சட்டம் அடித்து இடைவெளியை நிரப்ப வேண்டியிருந்தது. சூடு, பச்சை இரண்டு தண்ணீர்க் குழாயையும் அரை அங்குல பெக்ஸ் (பிளாஸ்டிக் குழாய்) வைத்து நீட்டினேன். பழைய தொட்டிக்குப் பின்னால் இருந்த மூன்று பைபாஸ் வால்வுகளுக்கு இனி வேலையில்லை. குளிர்காலத்துக்கு முன் குழாய்களில், உறைந்து வெடிக்காமல் இருக்க ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஓட்டும்போது 6 கேலன் தொட்டியையும் அதால் நிரப்பிவிடாமல் இருக்கத்தான் அந்த வால்வுகள், இப்போது தொட்டியே இல்லை.

பழைய ஹீட்டருக்கு 120 வோல்ட் மின்சார வயரும் வந்துகொண்டிருந்தது. புதியதுக்கு 12 வோல்ட் மட்டும் போதும், அதுவும் ஃபேனுக்கும் பொறிக்கும் மூளைக்கும்தான். 120 வோல்ட் வயரைப் பிரேக்கரிலிருந்தே கழற்றி, முனையை மூடி, ஒரு ஜங்ஷன் பாக்ஸில் அடைத்தேன். இந்த வயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்காக வருத்தப்படப்போகிறேன்.

கேஸ் இணைப்பையும் நானே போட்டேன், ஆனால் சிலிண்டரைத் திறக்கும் தைரியம் வரவில்லை. ஒரு கடையில் விசாரித்தால் இரண்டு மாதம் கழித்து வண்டியைக் கொண்டுவா என்றார்கள். அப்புறம் வீட்டுக்கே வந்து பார்க்கிற ஒரு ஆர்வி (இந்த மாதிரி வீட்டு வண்டி) மெக்கானிக் கிடைத்தார், வயதான மனிதர், வந்து போக 180 டாலர். இந்த முழுக் கதையிலும் யோசிக்காமல் ஐந்து நட்சத்திரம் கொடுக்கக்கூடியது அந்த 180 டாலருக்குத்தான். வந்தவர் முதலில் செய்தது, நான் ஃபிளேர் இணைப்பில் பொறுப்பாகச் சுற்றியிருந்த மஞ்சள் டேப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதைப் பிரித்து எறிந்ததுதான். ஃபிளேர் என்பது பித்தளைக் கூம்பும் செம்புக் குழாயின் விரிந்த வாயும் நேருக்கு நேர் அழுந்தி அடைத்துக்கொள்கிற இணைப்பு, நடுவில் எதுவும் வரக்கூடாது. டேப்போ பசையோ சாதாரண மரைக்குழாய் இணைப்புக்குத்தான், அதுவும் கேஸுக்கு என்று விற்பது. இரண்டு ஸ்பானர் வைத்து, ஒன்றால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும் என்று செய்து காட்டினார்.

பிறகு அடுப்பின் ஒரு பர்னரைக் கழற்றி, கேஸ் வருகிற சின்ன மூக்கில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையில் அழுத்தம் அளக்கிற மேனோமீட்டர். 11 அங்குலம். ஆர்வியில் கேஸ் சாமான்கள் எல்லாம் இந்த அழுத்தத்துக்குத்தான் செய்திருக்கிறார்கள். ஒரு குழாயில் 11 அங்குல உயரம் தண்ணீர் நிறுத்தினால் அடியில் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான், வாயால் ஊதினாலே வந்துவிடும். வெயில் நாளில் சிலிண்டருக்குள் நூறு பவுண்டுக்கு மேல் இருக்கிற அழுத்தத்தை ரெகுலேட்டர் இந்த அளவுக்கு இறக்கிக்கொடுக்கிறது. எதுவும் எரியாதபோது அந்த அழுத்தம் இருந்தால் மட்டும் போதாது, எல்லாம் எரியும்போதும் இறங்காமல் நிற்க வேண்டும் என்றார். அடுப்பு, அறையைச் சூடாக்குகிற ஃபர்னஸ், புது ஹீட்டர் மூன்றையும் ஓடவிட்டுப் பார்த்தார். பழைய ஹீட்டர் 12,000 பிடியு கேட்ட குழாயில் புதியது 55,000 கேட்கிறது. ரெகுலேட்டரும் குழாயின் பருமனும் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் குளிக்கும் நடுவில் சுடர் அணையும். எங்களுடையது பிழைத்தது, அரை அங்குலத்துக்கும் குறைவாகத்தான் இறங்கியது. கசிவு பார்க்க நான் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர் வைத்திருந்தேன், அதையும் வேண்டாம் என்றார், அம்மோனியாவும் குளோரினும் இருந்தால் பித்தளையைத் தின்னும், லீக் பார்க்கவென்றே விற்கிற திரவத்தைத்தான் தடவ வேண்டும். ஒரே ஒரு இடத்தில் குமிழி வந்தது. நான் போட்ட இணைப்பு. காற்றைவிடப் புரோப்பேன் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும், டிரெய்லரில் கேஸ் அலாரம் முழங்காலுக்குக் கீழே இருப்பது அதனால்தான்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே சக்தியுள்ள, கைப்பிடி வைத்த கேம்பிங் ஹீட்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அதை பாத்ரூமில் மாட்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. அது திறந்த வெளியில் வைக்கச் செய்தது, சுற்றியிருக்கிற காற்றை இழுத்துப் புகையையும் அங்கேயே விடும். டிரெய்லர் போன்ற சின்ன அறையில் அது கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். ஆர்விக்கென்று செய்த பெட்டி எரியக் காற்றை வெளிக்கதவு வழியாக எடுத்து, புகையையும் அதே கதவு வழியாக வெளியே தள்ளும். அந்தக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காராதீர்கள், அவ்வளவுதான்.

இனி குளியல். முதல் பயணம், முழு இணைப்புள்ள முகாம், அதாவது தண்ணீர், மின்சாரம், சாக்கடை மூன்றும் இருக்கிற இடம். நாலு பேரும் அடுத்தடுத்துக் குளித்தோம், கடைசியாகப் போன எனக்கும் வெந்நீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது, வேண்டுமென்றே இருபது நிமிடம் நின்றேன். சுவருக்குப் பின்னால் ஜெட் கிளம்புகிற மாதிரி ஒரு 'ஊ' சத்தம், அது ஃபேன். வாங்கின காசு அன்றைக்கே வசூல் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் ஊரிலிருந்து அம்மா வந்தார். எழுபது வயது, கும்பகோணத்தில் செப்புத் தவலையில் வெந்நீர் போட்டு விளாவிக் குளித்த கை. எங்கள் டிரெய்லரில் ஏறி, பாத்ரூமுக்குப் போனதும் வெந்நீர்க் குழாயைத் திறந்தார், சூடு வந்தது, சூடு அதிகமாகப் படவே பச்சைத் தண்ணீரைத் திறந்து விளாவினார், உடனே ஜில்லென்று வந்தது. "ஏண்டா, ஒண்ணு கொதிக்குது, இல்லன்னா உறையுது, இதுக்கா இத்தனை டாலர் குடுத்த?"

தப்பு அம்மாவுடையது இல்லை, நான் சொல்லியிருக்க வேண்டும். தொட்டி ஹீட்டரில் தண்ணீர் 140 டிகிரிக்குச் சுட்டுத் தயாராக இருக்கும், விளாவித்தான் ஆக வேண்டும். இந்தப் பெட்டியோ தன் வழியாகத் தண்ணீர் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் பற்றும், என்னுடையதுக்கு நிமிடத்துக்கு அரை கேலனுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். பச்சைத் தண்ணீரைத் திறக்கத் திறக்க வெந்நீர்ப் பக்கம் ஓட்டம் குறைகிறது, அந்த எல்லைக்குக் கீழே போனதும் சுடர் அணைகிறது, அப்புறம் இரண்டு குழாயிலும் பச்சைத் தண்ணீர்தான். மூடித் திறந்தால் மறுபடி பற்றும், சூடாகப் படும், மறுபடி விளாவத் தோன்றும். சுவரில் உள்ள கண்ட்ரோலரில் 106 டிகிரி என்று வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்க் குழாயை மறந்துவிட்டு வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறக்க வேண்டும், இந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்த வேறு வழி கிடையாது. பல நூறு வருடமாக விளாவிக் குளித்த வம்சத்துக்கு இது லேசில் வராது. அம்மாவுக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாயின் மேல் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்தேன், அதைப் பார்த்தால் ஞாபகம் வரும் என்று. தண்ணீர் மிச்சம் பிடிக்கிற ஷவர் தலைக்குள் ஒரு சின்ன ரப்பர் வில்லை இருக்கும், ஓட்டம் பற்றாமல் அடிக்கடி அணைந்தால் முதலில் அதைப் பாருங்கள், என்னுடையதில் அதை எடுத்த பிறகு பாதித் தொல்லை போனது.

இப்போது பெரிய குறை. கொலராடோவில் கிரேட் சாண்ட் டூன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற பின்யோன் ஃபிளாட்ஸ் முகாமில் மூன்று ராத்திரி இருந்தோம். அங்கே எந்த இணைப்பும் கிடையாது, டிரெய்லரின் நல்ல தண்ணீர்த் தொட்டியில் கொண்டுபோன 38 கேலன்தான் உலகம். பகல் முழுக்க மணல்மேட்டில் உருண்டுவிட்டு வருகிற பிள்ளைகள், காதுக்குள்ளேயும் மணல், குளிக்காமல் படுக்கவிட முடியாது. இந்த மாதிரி இடத்தில் எப்படிக் குளிப்போம்? நனைத்துக்கொண்டு மூடுவோம், சோப்பு போடுவோம், திறந்து அலசுவோம், மூடுவோம், தலைக்குப் போடுவோம், மறுபடி அலசுவோம். ஒவ்வொரு முறை மூடும்போதும் இந்தப் பெட்டி அணைகிறது. திறக்கும்போது முதலில் குழாயில் நின்ற மிச்ச வெந்நீர் கொஞ்சம் வரும், ஆஹா என்று உள்ளே போய் நிற்போம், அப்புறம் பெட்டி பற்றுவதற்குள் நுழைந்துவிட்ட பச்சைத் தண்ணீர் முதுகில் அடிக்கும், அதற்குப் பிறகுதான் உண்மையான வெந்நீர். அந்தப் பச்சைத் தண்ணீரை யாரும் உடம்பில் வாங்குவதில்லை, ஒதுங்கி நின்று வடியவிடுவார்கள்.

ஒரு கேலன் பால் கேனை வைத்து நானே அளந்து பார்த்தேன். ஒரு தடவை திறந்தால் சூடு வருவதற்குள் கேனில் கிட்டத்தட்ட அரைக்குக் கொஞ்சம் கீழே. நாலு பேர், ஆளுக்கு மூன்று தடவை, ஐந்து கேலன் தண்ணீர் யார் மேலும் படாமல் கழிவுத் தொட்டிக்குப் போகிறது. 38இல் ஐந்து, ஒரே சாயங்காலத்தில். பாத்திரம் தேய்க்கும்போதும் அதே கதைதான், ஒவ்வொரு தட்டுக்கும் குழாயைத் திறந்து மூடுகிறவர்கள் நாம். இரண்டாம் நாளே மனைவி ஷவருக்கு அடியில் ஒரு டப்பாவை வைத்து முதல் தண்ணீரைப் பிடித்துப் பாத்திரத்துக்குக் கொண்டுபோனாள். மூன்றாம் நாள் பழையபடி இட்லிப் பானை அடுப்பில் ஏறியது. 600 டாலர் ஹீட்டர் சுவரில் இருக்க, வாளியில் விளாவிக் குளித்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

பெட்டியில் பெரிய எழுத்தில் "முடிவில்லாத வெந்நீர்" என்று அச்சடித்திருக்கிறார்கள். சூடு முடிவில்லாததுதான், தண்ணீர் அப்படியில்லை. முழு இணைப்பு இல்லாத இடத்தில் 38 கேலன் தீர்ந்தால் குளியல் முடிந்தது, அதற்கு முன்னாலேயே கழிவுத் தொட்டி நிரம்பினாலும் குளியல் முடிந்தது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் இணைப்பு கொடுத்துவிட்டுச் சாக்கடைக்குக் கொடுக்காத முகாம்கள் ஏராளம், அங்கே இருபது நிமிடம் குளித்தால் அடுத்த நாள் ஷவரின் காலடியிலேயே சோப்புத் தண்ணீர் பொங்கி நிற்கும். (எங்கள் கழிவுத் தொட்டியின் சென்சார், அந்த தீபாவளிச் சீயக்காய் உள்ளே ஒட்டிக்கொண்டதிலிருந்து எப்போதும் 'நிறைந்தது' என்றே காட்டுகிறது. டிரெய்லரில் சீயக்காய்த் தூள் வேண்டாம்.)

சரி, முழு இணைப்புள்ள இடத்திலாவது முழு வெற்றியா என்றால், அங்கேதான் அந்த 120 வோல்ட் வயர் வருகிறது. ஒரு இரவுக்கு வாடகை கொடுத்துத் தங்குகிற முகாம்களில் பெரும்பாலும் மின்சாரம் வாடகைக்குள் அடக்கம். பழைய தொட்டியில் ஒரு சுவிட்சைப் போட்டால் மின்சாரத்திலேயே சுடும், புரோப்பேன் ஒரு துளி செலவாகாது. இப்போது ஊர்க் காசில் வருகிற மின்சாரத்தைப் பார்த்துக்கொண்டே என் சிலிண்டரை எரிக்கிறேன். பெரிய செலவு என்று சொல்ல மாட்டேன். 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பிடியு இருக்கிறது, எட்டு நிமிடக் குளியல் ஒன்றுக்கு 5,400 ஆகும் என்று கணக்குப் போட்டேன், ஒரு சிலிண்டருக்கு எண்பது குளியல் வருகிறது. தொட்டியை நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்கிற வீண் செலவும் இல்லை. ஆனாலும் இலவசத்துக்கும் எண்பதில் ஒன்றுக்கும் வித்தியாசம் இருக்கிறதே.

உயரமான இடங்களில் இன்னொரு விஷயம். கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் என்று முழு இணைப்புள்ள முகாம் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி. மார்ச் மாத ஸ்பிரிங் பிரேக்கில் போனோம், ராத்திரி உறைகிற குளிர், குழாயில் வந்த தண்ணீர் என் சமையல் வெப்பமானியில் 50 டிகிரி. கண்ட்ரோலரில் 106 வைத்தேன், ஷவரில் 98 தாண்டவில்லை. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று பயந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 55,000இல் எண்பது சதவீதம் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்தால், நிமிடத்துக்கு 1.3 கேலன் ஓட்டத்தில் கடல் மட்டத்தில் 67 டிகிரி ஏற்றலாம். மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும், பர்னர் முழு மூச்சில் எரியாது, ஆயிரம் அடிக்கு 4 சதவீதம் கழித்துக்கொள்வது கேஸ்காரர்கள் வழக்கம். 7,000 அடிக்கு 28 சதவீதம் போனால் மிச்சம் 48. ஐம்பதோடு 48, சரியாக 98. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, தம் அவ்வளவுதான். குழாயைக் கொஞ்சம் குறைத்துத் திறந்ததும் சூடு ஏறியது. 42,000 பிடியு பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன, டெக்சாஸ் கோடைக்கு அது தாராளம், ராக்கி மலைப் பக்கம் போகிறவர்கள் அதை வாங்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில் நடுங்கிக்கொண்டே குளிக்க வேண்டியிருக்கும். குளிரில் சிலிண்டர் பாதிக்குக் கீழே போனால் புரோப்பேன் ஆவியாகிற வேகமும் குறையும், காலையில் ஃபர்னஸும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் இழுத்தபோது எங்களுக்கு ஒருமுறை அணைந்தது, நிறைந்த சிலிண்டருக்கு மாற்றியதும் சரியானது.

உறைபனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பரவலாக மின்சாரம் போய், 16ஆம் தேதி டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ் வரை இறங்கியதே, அப்போது டிரெய்லர் நல்லவேளையாக வீட்டு வாசலில் நின்றது. வீட்டில் ஒன்றும் ஓடவில்லை, டிரெய்லரில் பேட்டரியும் புரோப்பேனும் இருந்ததால் இரண்டு ராத்திரி அதில்தான் படுத்தோம். அன்றைக்கு அந்தப் பழைய தொட்டி 6 கேலன் சூட்டைத் தனக்குள் வைத்துக்கொண்டு உறையாமல் நின்றது. புதிய பெட்டிக்குள் கொஞ்சூண்டு தண்ணீரும் மெல்லிய செம்புக் குழாயும்தான், உறைவதும் வெடிப்பதும் சீக்கிரம். அதுவே பற்றிக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிற வசதி என்னுடையதில் இருக்கிறது, ஆனால் அதற்கு மின்சாரமும் கேஸும் இருக்க வேண்டும், பெட்டியைத்தான் காக்கும், வெளியே போகிற குழாய்களை அல்ல. நவம்பரில் மறக்காமல் வடித்துவிடுங்கள். உள்ளே வருகிற தண்ணீருக்கு ஒரு சின்ன வடிகட்டி இருக்கும், அதையும் திருகிக் கழற்ற வேண்டும், அதற்குள் தங்குகிற தண்ணீர்தான் முதலில் உறையும்.

இதுவரை செலவு பெட்டி 600, மெக்கானிக் 180, பெக்ஸ், பிளைவுட், சீலண்ட், திருகாணி எல்லாம் சேர்த்து 90. ஒன்றரை வருடமாகப் பழுதென்று எதுவும் வரவில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். உங்கள் வீட்டில் நாலு பேருக்கு மேல் இருந்து, சாக்கடை இணைப்புள்ள முகாம்களிலேயே பெரும்பாலும் தங்குகிறீர்கள் என்றால் அரை நட்சத்திரம் கூட்டிக்கொள்ளுங்கள். மின்சாரமே இல்லாத காட்டிலும் பாலைவனத்திலும் தங்குவதுதான் உங்கள் பழக்கம் என்றால் இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டேன், அதே ஓட்டையில் இன்னொரு 6 கேலன் தொட்டியை மாட்டி, ஆனோடு ராடை வருடா வருடம் பாருங்கள். நடுவில் ஒரு வழியும் உண்டு, ட்ரூமா அக்வாகோ மாதிரி உள்ளே ஒரு சின்னக் கலவைத் தொட்டி வைத்த ஹீட்டர்கள், பச்சைத் தண்ணீர் இடையில் நுழைந்து அடிக்காமல் இருக்க வைத்தது. நான் வாங்கின நேரத்தில் அதன் விலை என் பெட்டியைப்போல இரண்டு மடங்கு, அதனால் விட்டேன். பின்யோன் ஃபிளாட்ஸ் போய்வந்த பிறகு வாங்கியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அம்மா 2025 அக்டோபரில் மறுபடி வருகிறார். தீபாவளி திங்கட்கிழமை, லீவு சொல்லிவிட்டேன், முழு இணைப்புள்ள இடமாகப் பார்த்துப் பதிவும் செய்தாயிற்று. சீயக்காய் வேண்டாம், ஷாம்பூ போதும் என்று போனில் சொன்னேன். "அப்போ வாளி ஒண்ணு எடுத்து வெச்சுக்கோ" என்றார்.